கோதாவில் நிற்பது யார்? தொழில்முறை மல்யுத்தத்தில் வேடம், முன்னோடிகள், வாழ்க்கை

அவனியாபுரத்தான்:

பஞ்சாப், அரியானா பகுதிகளில் நடக்கும் தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளில் என் இளமையின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அவனியாபுரத்தில் சிறிய உடற்பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். அங்கே வரும் இளைஞர்கள் அனைவரும் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, அந்தச் சண்டையெல்லாம் நிஜமா?" என்பதுதான். ட்ரம்ப் கார்டில் வீரர்களின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு விளையாடிய காலத்தில் நானும் அதையே கேட்டிருக்கிறேன். அதற்கு 1989ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அப்போது டபிள்யூ டபிள்யூ எஃப் என்று அழைக்கப்பட்ட, இன்று டபிள்யூ டபிள்யூ இ எனப்படும் அமெரிக்க மல்யுத்த நிறுவனம், தான் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று நியூ ஜெர்சி மாநில மேலவையின் முன் ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காகச் செய்த காரியம் அது. ஆகவே வெற்றி யாருக்கு என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது என்பதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. ஆனால் மேடையின் அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய மெத்தை விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துக் கட்டிய கித்தான் ஆகியவைதான் இருக்கின்றன. அதில் முதுகு அடிபட விழுவதை எவராலும் நடிக்க முடியாது.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. கோதாவில் நிற்கும் அந்த மனிதன் யார் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது? எனக்கு முதலில் தரப்பட்ட வேடம் ஒரு மகாராஜாவுடையது. தலைப்பாகையும் போலி முத்துமாலையும் அணிந்து, மனப்பாடம் செய்த இந்தி வசனத்தைச் சொல்லிக்கொண்டு கோதாவில் ஏறுவேன். கூட்டம் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த சண்டைக்காகக் காத்திருந்தது. இந்தத் தொழிலில் வசைகூட வரவேற்புதான், அமைதிதான் தண்டனை. பிறகு வேறொரு ஏற்பாட்டாளர், நான் மதுரைக்காரன் என்று அறிந்தவுடன் கண்கள் விரிய, முறுக்கு மீசையும் அரிவாளுமாக வந்தால் பெயர் பெற்றுவிடலாம் என்றார். இந்தியில் மொழிமாற்றம் செய்யப்பட்ட தென்னாட்டுப் படங்களில் அவர் கண்டிருந்த மதுரை அது. அரிவாளுக்குப் பலியானவர்களின் வீடுகளுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். அதை விளையாட்டுப் பொருளாக ஏந்தி வர மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அதனால் நெடுநாள் வேலையில்லாமல் இருந்தேன்.

கடைசியாக நானே அமைத்துக்கொண்ட வேடம் மயானக் காவலன். கறுப்பு வேட்டி, தோளில் கம்பளி, கையில் நீளமான தடி. அதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, பிணத்தை அடக்கம் செய்பவர் என்று பொருள்படும் அண்டர்டேக்கர் என்ற பெயரில் மோதிய வீரர். 1990 நவம்பரில் அறிமுகமாகி 2020 நவம்பரில் விடைபெற்ற மார்க் காலவே என்ற அந்த டெக்சாஸ்காரர், மெதுவாக நடப்பதும் விழுந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்து உட்கார்வதும் மட்டுமே போதும் என்று காட்டியவர். மற்றொன்று, எங்கள் ஊர்ப்பக்கத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர மயான காண்டம். நாட்டை இழந்த அரசன் சுடலைக்குக் காவலனாகி, தன் மகனுடைய பிணத்தைத் தூக்கிவந்த தன் மனைவியிடமே கால்பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்கும் அந்தக் கட்டத்தை, சிறுவயதில் தாத்தாவுடன் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டம் தொடங்கியதும் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். தொலைக்காட்சியில் அண்டர்டேக்கரை முதன்முதலில் கண்டபோது எனக்கு அவர் அயலாராகத் தோன்றவே இல்லை.

இத்துறையை அறிந்தவர்களும் அறியாதவர்களும் தங்கள் கருத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செல்லூர் வாத்தியார்:

தம்பி, உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. செம்மண்ணைச் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் கலந்து, கோதாவைப் பதப்படுத்திப் பிள்ளைகளை இறக்குகிற மரபில் வந்தவன் என்ற முறையில் எனக்கு உள்ள மறுப்பைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் ஒரு பயில்வானிடம் "நீ யார்?" என்று கேட்டால், தன் வாத்தியாரின் பெயரைச் சொல்லுவான். எந்த வேடத்திலும் அவன் ஒளிந்துகொள்ளவில்லை. காமா பயில்வான் 1910இல் லண்டனுக்குச் சென்றபோது, ஸ்பிஷ்கோ என்ற பெரும் வீரர் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு தரையாகக் கிடந்து தோல்வியைத் தள்ளிப்போட்டார். அடுத்த வாரம் குறித்திருந்த மறுபோட்டிக்கு அவர் வரவே இல்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்தினார். முதல் சண்டை பார்க்கச் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சலிப்பில் ஒரு நேர்மை இருந்தது. முடிவை முன்னரே எழுதி வைத்துவிட்டால் ஒருவன் யார் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

இன்னொன்றும் கேட்கிறேன். தோற்கச் சொன்னால் தோற்பீர்களா?

அவனியாபுரத்தான்:

வாத்தியார் அய்யாவுக்கு வணக்கம். தாங்கள் காமாவைச் சொன்னதால் தாராசிங்கைச் சொல்லித் தொடங்குகிறேன். நம் ஊரில் உடம்பை முறுக்கிக்கொண்டு நடப்பவனை "பெரிய தாராசிங்" என்று சொல்லாத தெரு உண்டா? மண் கோதாவில் வளர்ந்த அவர், அங்கேரியில் பிறந்து கிங்காங் என்ற பெயரில் ஆசியா முழுவதும் சுற்றிய எமில் சாயாவுடன் மோதினார். 1968இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வீழ்த்தினார். பின்னர் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக நின்றார். அவற்றுள் எது குஸ்தி, எது காட்சி என்று கோடு கிழித்துப் பிரிக்க என்னால் முடியவில்லை. அனுமனாக அவரைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் வணங்கியது, கோதாவில் அவர் சேர்த்து வைத்திருந்த உடலையும்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள், மூன்றே ஆண்டுகளில் தொழில்முறை மேடைக்கு வந்து, அதே பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தற்பெருமைக்காரராக வேடம் கட்டினார். அவர் வென்றதும் உண்மை, கட்டிய வேடமும் அவருடையது.

தோற்கச் சொன்னால் தோற்பேன், அய்யா. அதில் எனக்கு இழுக்கு எதுவும் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு நிறுவனத்தைவிட்டுச் செல்லும் மூத்தவர், போகும்போது இளையவர் ஒருவரிடம் தோற்றுவிட்டுச் செல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். தன் பெயரோடு சேர்ந்த மதிப்பை அவர் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். டபிள்யூ டபிள்யூ இயின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் இருபத்தொரு முறை தொடர்ந்து வென்ற அண்டர்டேக்கர் 2014இல் பிராக் லெஸ்னரிடம் தோற்றபோது அரங்கமே உறைந்துபோனது. முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்பதை அறிந்த பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் துயரத்தை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டீர்கள். எதிரே நிற்பவன் என்னை நம்பித் தன் கழுத்தை என் கையில் கொடுக்கிறான். தலைகீழாகத் தூக்கப்பட்ட அவனை, அடிபடாமல் கீழே இறக்குகிறேனா என்பதுதான் நான் யார் என்பதற்கு முதல் அளவு.

ஆர்மோனியம்:

என் அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரிபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக, நடித்தவர். அவனியாபுரத்தார் மயான காண்டத்தைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவைத் தொடங்கியபோது, சிறுவர்களை ஒன்றாக வைத்துப் பயிற்றுவிக்கும் முறை இருந்தது. அதற்கு மாறாக, ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரமான குழுவே கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட்டை ஓரூரிலிருந்தும் ஸ்திரிபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் பபூனை மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. சில வேளைகளில் வள்ளியும் வேலனும் அன்று இரவு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதை இருவருக்கும் தெரியும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரும் என்பதும் தெரியும். ஆனால் தர்க்கம் தொடங்கிவிட்டால், எதிராளி எதைக் கேட்பார், எப்படி மடக்குவார் என்பது தெரியாது. ஆர்மோனியக்காரர் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பார். முருகன் வள்ளியை மணக்கப் போகிறான் என்பது கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் அன்று வள்ளி தர்க்கத்தில் வேலனை மடக்கிவிட்டாளா என்பதை மறுநாள் டீக்கடையில் பேசுவார்கள்.

அதனால்தான் "முடிவு தெரிந்த பிறகு என்ன இருக்கிறது?" என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. என்னை வருத்துவது வேறு. அம்மா இரவு முழுவதும் வள்ளியாக நின்று, ஊர்ப் பெரியவர்கள் கைகூப்பி வணங்கும்படி பாடிவிட்டு, விடியற்காலையில் பேருந்தில் ஏறும்போது போர்வையால் தலையை மூடிக்கொள்வார். நாடகக்காரி என்று தெரிந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பார்வை மாறிவிடும். மேடையில் கட்டிய வேடத்தைக் கலைத்துவிடலாம், வெளியே இருப்பவர்கள் கட்டிவிட்டதை எதைத் தேய்த்துக் கலைப்பது? உங்கள் வேடம் கோதாவைவிட்டு இறங்கிய பிறகு உங்களை விடுகிறதா, தம்பி?

அவனியாபுரத்தான்:

அக்கா, தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் மேடையிலும் அப்படியேதான் நடக்கிறது. முதல் சந்திப்பில், சண்டைக்குச் சற்று முன்பு, முடிவையும் நடுவே வரும் ஓரிரு திருப்பங்களையும் மட்டும் பேசிக்கொள்வோம். மற்றவற்றைக் கோதாவிலேயே, தலையைக் கக்கத்தில் அழுத்திப் பிடித்திருக்கும்போது காதோடு காதாகச் சொல்லிக்கொள்வோம். ஆர்மோனியக்காரர் செய்வதை எங்களுக்கு நடுவர் செய்கிறார். எவ்வளவு நேரம் மீதம் இருக்கிறது, எதிராளிக்கு உண்மையிலேயே அடிபட்டிருக்கிறதா என்பவற்றை இருவரிடமும் மாறி மாறிக் கொண்டுசேர்ப்பவர் அவர்தான். மெக்சிகோ நாட்டு வீரர் ஒருவருடன் மோதியபோது, உலகின் பெரும்பாலான இடங்களில் இடக்கையையும் இடக்காலையும் பிடிப்பதற்கு மாறாக, அவர்கள் வலப்பக்கத்தைப் பிடிக்கிறார்கள் என்பதை முதல் பிடியிலேயே உணர்ந்தேன். சொல்லிக்கொள்ள ஒரு பொது மொழிகூட இல்லை. ஆனாலும் சண்டை நன்றாகவே நடந்தது.

வேடம் விடுகிறதா என்று கேட்டீர்கள். மெக்சிகோவின் மல்யுத்த வீரர் எல் சாண்டோ, 1942 முதல் வெள்ளி முகமூடியுடனே வாழ்ந்தார். 1984இல் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் தொலைக்காட்சியில் முகமூடியை விலக்கி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். அடக்கம் செய்யும்போது முகமூடியுடனே அடக்கம் செய்தார்கள். அப்படி வாழ எனக்கு விருப்பமில்லை. காவலனின் கம்பளியை மடித்து வைத்துவிட்டால் நான் என் பிள்ளைகளுக்கு அப்பாதான். ஆனால் அந்த வேடத்தைக் கட்டுவதற்கு முன்பு இருந்த அப்பா அல்லன் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் காரணத்தை வேறொரு சமயம் எழுதுகிறேன்.

கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். மகாராஜா வேடத்தைப் பற்றி அவனியாபுரத்தார் எழுதியது என்னைச் சிந்திக்க வைத்தது. ஜிந்தர் மகால் 2017 மே மாதம் ராண்டி ஆர்டனை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றபோது, அவருக்கும் நவீன மகாராஜா என்ற பட்டமே சூட்டப்பட்டிருந்தது. அவர் கனடாவில் கல்கரியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மாமா காமா சிங் அந்த ஊரிலேயே பெயர்பெற்ற மல்யுத்த வீரர். அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் கோதாவில் ஏறும்போது தலைப்பாகை வேண்டும். அதற்கு முன்பு, பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங், ஜப்பானில் அன்டோனியோ இனோக்கிக்கு எதிராக வாளை வாயில் கவ்விக்கொண்டு வந்தார். தி கிரேட் காளி என்ற பெயரில் மோதிய பேருருவ இந்திய வீரர் 2007இல் பட்டம் வென்றார். ஆனால் இந்தியாவிலிருந்து வருபவர் ஒன்று பூதமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசராக இருக்க வேண்டும் என்பதை அவரும் மாற்றவில்லை. சாதாரண மனிதனாக வருவதற்கு இடமே இல்லையா?

இதில் எனக்குப் பிடித்த ஒரு விலக்கு, 2017இல் கவிதா தேவி சல்வார் கமீசுடன் கோதாவில் இறங்கியது. அரியானாவில் பெண்கள் அன்றாடம் உடுத்தும் உடை அது. அந்த உடையிலேயே எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார்.

மேலூர் வழக்குரைஞர்:

தொடக்கப் பதிவை மதிப்போடு படித்தேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். மயான காண்டத்தின் கதை அரசனுடைய வீழ்ச்சியைப் பற்றியது. சுடலையைக் காப்பது என்பது அங்கே ஓர் அரசனுக்கு நேரக்கூடிய இழிவின் எல்லையாகக் காட்டப்படுகிறது. அதனாலேயே பார்ப்பவர்கள் அழுகிறார்கள். ஆனால் நம் ஊர்களில் அந்த வேலை எவருக்கும் வீழ்ச்சியாக வந்ததில்லை. பிறப்பின் பேரால் சில குடும்பங்களின் தலையில் சுமத்தப்பட்டு, தலைமுறை தலைமுறையாக, பெரும்பாலும் கூலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் வாங்கப்பட்டது. பறையடிக்கவும் பிணம் எரிக்கவும் மறுத்தவர்கள் ஊரைவிட்டு ஒதுக்கப்பட்ட வழக்குகளை நான் கையில் எடுத்திருக்கிறேன். கதையின் முடிவில் தேவர்கள் தோன்றி அரிச்சந்திரனுக்கு நாட்டைத் திருப்பித் தருகிறார்கள். அந்தச் சுடலைக்கு உரியவனாக வரும் வீரபாகுவின் மக்களுக்கு எதைத் திருப்பித் தந்தார்கள்?

தலைப்பாகையையும் அரிவாளையும் மறுத்த நீங்கள், தடியையும் கம்பளியையும் எந்த உரிமையில் எடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை.

அவனியாபுரத்தான்:

கேட்டதற்கு நன்றி. ஆர்மோனியம் அக்காவிடம் வேறொரு சமயம் எழுதுகிறேன் என்றேனே, அதுவும் இதுதான்.

என் தாத்தா அந்த வேலையைப் பார்த்தவர். மயான காண்டம் தொடங்கியதும் அவர் எழுந்து வெளியே போனதற்கு வேறு காரணம் இல்லை. அரசன் ஒருவன் தடியூன்றி நின்று, தன் நிலையை எண்ணி அழுது பாடும்போது, கொட்டகை முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அதே கூட்டம் மறுநாள் பகலில் என் தாத்தாவைத் தெருவில் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். அந்த அழுகையில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா அதைவிட்டு வெளியேறி நகரத்தில் கட்டட வேலைக்குப் போனார். எங்களைப் படிக்க வைத்தார். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்த்தார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சொன்னால் வாடகைக்கு வீடு கிடைத்திருக்காது.

வடக்கே போன பிறகு அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. அங்கே நான் வெறும் மதராசி. மகாராஜா வேடத்தில் முத்துமாலை அணிந்து நின்ற காலத்தில், ஒருவரும் என்னை மேலும் கீழும் பார்த்து எடை போடவில்லை. ஆனால் கூட்டத்துக்கு அந்த மகாராஜாவிடம் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஏனென்றால் நான் எதையும் கொடுக்கவில்லை. இந்தத் தொழிலில் மூத்தவர்கள் எல்லாரும் ஒன்று சொல்வார்கள்: நிலைத்து நிற்கும் பாத்திரம், அந்த மனிதனிடம் ஏற்கனவே இருக்கும் ஒன்றின் ஒலியைக் கூட்டி வைத்ததாக இருக்கும். நான் என்னிடம் இருந்ததை மூடி வைத்துவிட்டு அதன் மேல் மாலை போட்டிருந்தேன்.

காவலனை அமைத்தபோது கதையிலிருந்து அரசனை நீக்கிவிட்டேன். என் காவலன் எந்த நாட்டையும் இழந்தவன் அல்லன். இறுதியில் எந்தத் தேவரும் வந்து அவனுக்கு மகுடம் சூட்டுவதில்லை. அவன் அழுவதும் இல்லை. உயர்ந்தவர், தாழ்ந்தவர், கடன் கொடுத்தவர், வாங்கியவர் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடத்துக்குப் பொறுப்பாளன் அவன். அந்த இடத்தின் ஒழுங்கை மீறுபவனை மட்டும் தடுப்பவன். பறையடித்துக்கொண்டு கோதாவுக்கு வந்தேன். அரியானா கிராமம் ஒன்றில் முதன்முறை அப்படி நடந்து வந்தபோது, மொழி தெரியாத கூட்டம் எழுந்து நின்றது. வயதான சிலர் சண்டை முடிந்ததும் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

ஊரில் சிலர், பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் வேடத்தைக் கட்டியிருந்தால் இன்னும் பெயர் கிடைத்திருக்குமே என்றார்கள். சித்திரைத் திருவிழாவில் விரதமிருந்து கருப்பணசாமி வேடமிட்டு வருபவர்கள் அதை ஒரு நேர்த்திக்கடனாகச் செய்கிறார்கள். கோதாவில் நான் விழ வேண்டும், மிதிபட வேண்டும், சில நாள்களில் தோற்க வேண்டும். சாமியை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைக்க எனக்கு மனம் வராது. மனிதனின் வேடத்தைக் கட்டுகிறேன், மனிதன் விழுவான்.

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். இந்த வேடத்தை வேறு யாரேனும் எனக்குக் கட்டிவிட்டிருந்தால் அது தாத்தாவுக்கு நேர்ந்ததன் தொடர்ச்சி. நானே எடுத்தேன், வேண்டாம் என்று தோன்றிய நாளில் என்னால் கழற்றவும் முடியும். தாத்தாவுக்கு அந்த இரண்டும் இல்லை.

மேலூர் வழக்குரைஞர்:

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பறையை நீங்கள் ஏந்திய முறையில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் மாணவர்களில் எவரேனும் அந்த வேடத்தைத் தமக்குத் தரும்படி கேட்டால், இந்த வரலாறு முழுவதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பசுமலை இயன்முறை மருத்துவர்:

உடலைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். 2007இல் மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் மகனையும் கொன்று தானும் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு அவருடைய மூளை ஆராயப்பட்டது. தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் ஏற்படும் சிதைவு அதில் கடுமையாக இருந்தது. அந்தக் கொடுமைக்கு அது ஒன்றே காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும் தலையில் வாங்கும் அடியைத் துறை முழுவதும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது. டபிள்யூ டபிள்யூ இ நிறுவனம் நாற்காலியால் தலையில் அடிப்பதை 2010இல் தடை செய்தது. ஊரில் இளைஞர்கள் மொட்டைமாடியிலும் வைகை மணலிலும் இந்தச் சண்டைகளைச் செய்து பார்க்கிறார்கள். கழுத்து எலும்பில் அடிபட்டு என்னிடம் வருபவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. அவனியாபுரத்தார், உங்கள் உடலின் நிலை இப்போது எப்படி இருக்கிறது? வருமானம், காப்பீடு பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள்.

அவனியாபுரத்தான்:

மறைக்கவில்லை, மருத்துவரே. காலையில் படுக்கையிலிருந்து எழும்போது முதலில் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றித்தான் உட்கார்கிறேன். கழுத்தை இடப்பக்கம் முழுவதும் திருப்ப முடியாது. கயிற்றில் ஓடி மோதும் பயிற்சியில் விலாவிலும் முதுகிலும் பட்ட கன்றல்கள் ஆறிவிட்டன, முட்டிகள் ஆறவில்லை. காப்பீடு எங்களுக்கு இருந்ததே இல்லை. சண்டைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவார்கள். அடிபட்டுப் படுத்தால் அன்றோடு வருமானம் நின்றுவிடும். அமெரிக்காவில் உச்சத்தில் இருக்கும் டபிள்யூ டபிள்யூ இ வீரர்களைக்கூட அந்நிறுவனம் ஊழியர்களாகக் கருதாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்கிறது என்றால், கிராமத்துத் திடலில் சண்டையிடும் எங்களைப் பற்றி என்ன சொல்ல? ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. இந்தியாவில் இத்துறை வளர வேண்டுமானால் அடுத்த நட்சத்திரத்தைத் தேடுவதற்கு முன் அந்தச் சங்கத்தை அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மொட்டைமாடியில் செய்து பார்க்கும் தம்பிமார்களுக்கு: விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், மூச்சு வெளியே போயிருக்க வேண்டும், விரித்த கைகளும் முதுகின் மேற்பகுதியும் ஒரே நொடியில் தரையில் பட வேண்டும். இது படித்து வருவதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தாமல் தயவுசெய்து முயலாதீர்கள்.

செல்லூர் வாத்தியார்:

தம்பி, தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பின் வேடத்தில் ஒளிந்துகொள்வது என்று நான் எழுதிய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். முன்னரே தீர்மானித்த முடிவைப் பற்றிய என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. மண் கோதாவில் இரண்டு பிள்ளைகள் கட்டிப்பிடித்து நிற்கும்போது, அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்காகவே நான் இன்னும் விடியற்காலையில் எழுந்து போகிறேன்.

திருமங்கலம் கபடி:

அண்ணா, நான் கல்லூரி அணியில் கபடி ஆடுகிறேன். எங்கள் ஊரில் பெண்களுக்கு இந்தப் பயிற்சி எங்குமே இல்லை. உங்களிடம் பெண்களைச் சேர்த்துக்கொள்வீர்களா? சேர்ந்தால் எனக்கு என்ன வேடம் தருவீர்கள்? வீட்டில் அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அவனியாபுரத்தான்:

சேர்த்துக்கொள்கிறேன், தங்கச்சி. ஏற்கனவே பெண்கள் சிலர் காலை நேரத்தில் வருகிறார்கள். பெண் பயிற்சியாளர் ஒருவரும் உடனிருக்கிறார். கபடியில் காலைப் பிடித்து மடக்கவும் தோளால் தடுக்கவும் பழகிய உடம்புக்கு இது எளிதில் வசப்படும். முதல் சில மாதங்கள் விழுவதையும் உருள்வதையும் தவிர வேறு எதையும் சொல்லித்தர மாட்டேன். வேடத்தை நான் தருவதில்லை. நீங்கள் எவ்வளவு காலம் பயின்றாலும் அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு, நடையையும் குரலையும் திருத்துவதற்கு நான் இருக்கிறேன். தர்க்கம் சொல்லிக்கொடுக்க ஆர்மோனியம் அக்கா ஒப்புக்கொண்டால் அவரையும் அழைக்கிறேன். வரும்போது அம்மாவையும் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

ஆர்மோனியம்:

ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன், தம்பி. அம்மாவும் வர விரும்புகிறார். அவருக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள். தரையில் உட்கார முடியாது.